கூரை யாருடையது?

பெற்றோருக்குப் பிள்ளைகள் பட்டிருப்பது கடனா? தோட்டத்தில் பிறந்து பல்கலைக்கழகம் வரை போன எவரையும் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு கல்யாண வீட்டிலோ கருமக்கிரியை வீட்டிலோ வந்து பிடித்துக்கொள்ளும். "அவ்ளோ கஷ்டப்பட்டுப் படிக்க வச்சாங்க. அந்தக் கடன எப்பத் தம்பி அடைக்கப் போற?" என்று கேட்பவர் பெரும்பாலும் பெற்றவராக இருக்க மாட்டார். ஒரு பெரியப்பாவாக இருப்பார், அல்லது பழைய லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்த அக்காவாக இருப்பார். கேட்பதில் கெட்ட எண்ணமும் இருக்காது. ஆனால் கடன் என்று சொல்லிவிட்டால் அதற்கு ஒரு தொகை, தவணை, முடியும் நாள் எல்லாம் இருக்க வேண்டுமே. அம்மா மழையில் நனைந்துகொண்டு ஒட்டுப்பால் பொறுக்கியதற்கு என்ன தொகை போடுவது? எத்தனை மாதத்தில் கட்டி முடிப்பது? கட்டி முடித்த மறுநாள் அவர் எனக்கு யார்?

தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். சங்கப் பாடல்களில் தாய்க்கும் தந்தைக்கும் அரசனுக்கும் கடன் உண்டு; அங்கே அது கடமை. பெற்றவர் பிள்ளைக்குச் செய்வதும் அந்தப் பொருளில் பெற்றவரின் கடன்தான். தோட்டக் கடைப் புத்தகத்தில் எழுதி வைப்பதும் கடன். அங்கே அது பாக்கி. கல்யாண வீட்டுப் பெரியப்பா முதல் பொருளில் தொடங்கி இரண்டாவது பொருளில் முடித்துவிடுகிறார்.

அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஜேன் இங்லிஷ், 1979இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இதைப் பேசியிருக்கிறார். வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்குப் பட்ட பாக்கி என்று ஒன்று கிடையாது என்பது அவர் வாதம். தெரிந்தவர் ஒருவரிடம் நாமாகக் கேட்டு வாங்கிய உதவிக்குப் பதில் உதவி பாக்கி உண்டு. நண்பர்களுக்குள் அந்தக் கணக்கு இல்லை. ஒருவருக்குத் தேவை வந்தால் மற்றவர் தன்னால் முடிந்ததைச் செய்வார், அவ்வளவுதான். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில் இருக்க வேண்டியது இந்த இரண்டாவது வகை உறவு. அங்கே போய்ப் பாக்கிக் கணக்கைப் பேசுவது அந்த உறவையே சிறுமைப்படுத்தும் என்கிறார்.

படித்தபோது எனக்குப் பாதி நிம்மதியாக இருந்தது. மீதிப் பாதி ஒட்டவில்லை. அவர் பேசுகிற குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்குள் பெற்றோரும் பிள்ளைகளும் மட்டும்தான் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் எப்போதும் இன்னொருவரும் இருந்தார். கூரைக்குச் சொந்தக்காரர்.

இந்த நாட்டில் ரப்பர் ஒரு வணிகப் பயிராக முதலில் வேர்விட்டது மலாக்காவில்தான். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அடுத்து புக்கிட் ஆசஹானில் பெரிய அளவில் நட்டார். பிறகு லண்டன் கம்பெனிகள் வந்தன. காடு அழித்து, மரம் நட்டு, பால் வெட்டுவதற்கு ஆள் வேண்டும். முதலில் ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். 1910இல் அந்த முறை முடிந்தது. கங்காணிகள் தங்கள் ஊரிலிருந்தும் சாதிசனத்திலிருந்தும் திரட்டி வந்த ஆட்கள் 1938 வரை வந்தார்கள். அந்த ஆண்டு இந்திய அரசு அதையும் தடுத்தது. வந்தவர்களுக்கு வேலையோடு சேர்ந்தே வீடும் கிடைத்தது. தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதன் அடுத்த வரி, வேலை போனால் வீடும் போகும் என்பது.

அதனால் பால்வெட்டுக்காரர் 55 வயதில் வேலையை விட்டு நிற்கும்போது முதலில் வரும் கேள்வி, 'இனி என்ன செய்வது' என்பதாக இருக்காது. 'எங்கே இருப்பது' என்பதாக இருக்கும். பெரும்பாலான தோட்டங்களில் அதற்கு ஒரு வழி இருந்தது. வீட்டில் இன்னொருவர் செக்ரோலில் பெயர் கொடுத்தால் வீடு நிற்கும். ஆக மூத்தவனோ நடுப்பெண்ணோ படிவம் மூன்றோடு பள்ளியை விட்டுப் பால்கத்தியை எடுத்தார்கள். என் தாய்மாமா அப்படி எடுத்தவர். கணக்கில் கெட்டிக்காரர் என்று அம்மா இன்னும் சொல்வார். தாத்தா பாட்டி லயத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக அவர் விடியற்காலைப் பெரட்டுக்குப் போய் நின்றார்.

ஊர் அவரை 'பெத்தவங்களக் காப்பாத்துன புள்ள' என்று இன்றைக்கும் சொல்கிறது. அந்தப் பாராட்டுக்கு அவர் தகுதியானவர்தான். ஆனால் அவர் செய்த காரியத்தின் வடிவத்தை அவர் தீர்மானிக்கவில்லை. பெற்றோரைக் காப்பது என்றால் பெற்றோரின் கூரைக்காகத் தன் உழைப்பைக் கொடுப்பது என்று ஒரு வீட்டு விதி தீர்மானித்தது. நம் அப்பா அம்மா காலத்துப் பிள்ளைக் கடமை என்று நாம் நினைப்பதில் எவ்வளவு தமிழ்ப் பண்பாடு, எவ்வளவு தோட்டத்து நிர்வாகம் என்று யாராவது பிரித்துப் பார்க்க வேண்டும். நான் பார்த்தவரையில் நிர்வாகத்தின் பங்கு கொஞ்சமல்ல.

இந்த விதியை உடைக்கப் பெரிய முயற்சிகள் நடந்திருக்கின்றன. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். லயத்தில் இருந்தவர்கள் ஒரே நாளில் வேலையும் வீடும் இழந்தார்கள். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதற்குப் பதிலாகத்தான். தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அதை வெறும் சேமிப்புத் திட்டமாக மட்டும் பார்க்கக் கூடாது. 'போ' என்று சொல்லும் உரிமையை இன்னொருவர் கையில் விடக் கூடாது என்று கூலிக்காரர்கள் எடுத்த முடிவு அது.

எல்லாத் தோட்டங்களுக்கும் அந்தக் கை எட்டவில்லை. மலாக்காவில் 1970களில் பத்து பெரெண்டாமில் மின்னியல் தொழிற்சாலைகள் வந்தபோது பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறினார்கள். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. அப்புறம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். பிறகு வீடமைப்பு நிறுவனங்கள் வந்தன. இன்று மலாக்காவில் தாமான்களுக்கு நடுவே, சுற்றிலும் ஒரு மரம்கூட இல்லாத இடத்தில், தோட்டத்தின் பெயரோடு ஒரு தமிழ்ப்பள்ளி மட்டும் நிற்பதைப் பார்க்கலாம்.

எங்கள் குடும்பம் ஜாசின் பக்கத்து லயத்திலிருந்து வெளியேறியது அப்பா வாங்கிய மலிவு விலை வீட்டுக்கு. சேமநிதியில் எடுத்தது கொஞ்சம், பேங்குக் கடன் மிச்சம். சேமநிதி 1951லிருந்து இருக்கிறது. ஆனால் நாள்கூலிச் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடித்தால் அது எவ்வளவு பெருகிவிடும்? 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் என்று சட்டம் வந்ததே 2013இல்தான். மூன்று சின்ன அறை, முன்னால் ஒரு மோட்டார் நிறுத்தும் அளவு இடம், பின்னால் அம்மா நட்ட முருங்கை. மூன்று தலைமுறையில் எங்கள் குடும்பத்துப் பெயர் ஒரு வீட்டு கிராண்டில் ஏறியது அதுதான் முதல் தடவை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பிட்ட இலையெல்லாம் எடுத்தபிறகு பேச்சு தொடங்கியது. அக்கா கிள்ளானில். நான் பினாங்கில். அம்மா தனியாக எப்படி இருப்பார்? அக்கா வீட்டுக்காரர் நிதானமானவர், நல்லவர். வீட்டை விற்றுவிடலாம், அம்மா கிள்ளானுக்கு வரட்டும், பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம், தேவைப்பட்டால் கொஞ்ச நாள் பினாங்கிலும் இருக்கலாம் என்றார். தாய்மாமா தலையாட்டினார். எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா சொன்னார்: "தோட்டத்துல துரை போன்னாரு, சட்டி பானையத் தூக்கிக்கிட்டுப் போனோம். இப்ப நீங்க வாங்கங்கிறீங்க. இங்கதான் இருப்பேன்னு நா எப்பத்தான் சொல்றது?"

யாரும் பேசவில்லை. "வயசானா இப்பிடித்தான் பிடிவாதம்" என்று சித்தி சமாளித்தார். எனக்கு அது பிடிவாதமாகத் தெரியவில்லை. மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் யாரும் சொல்ல முடியாத ஒரு வாக்கியத்தை அம்மாதான் முதன்முதலாகச் சொன்னார். அதைச் சொல்வதற்கு ஒரு கிராண்டு தேவைப்பட்டிருக்கிறது.

தோட்டத்தின் மூல விதி 'கூரைக்குக் காசு கொடுப்பவர், கூரைக்குக் கீழே யார் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வார்' என்பது. தோட்டத்தை விட்டு வெளியேறிய நாம் அந்த விதியையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம். "நாந்தான மாசாமாசம் அனுப்புறேன், நா சொல்றதக் கேளுங்க" என்று படித்த பிள்ளை சொல்லும்போது அது அக்கறையாகத்தான் காதில் விழும். அந்த வாக்கியத்தின் எலும்பு துரையுடையது. சாப்பாடு கொடுக்கிறேன், மருந்து வாங்குகிறேன், ஆகவே இடத்தை நான் முடிவு செய்வேன். அன்பு உண்மையாக இருந்தாலும் இது நடக்கும். துரைமார்களிலும் நல்லவர்கள் இருந்தார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நல்லவர்களும் 'போ' என்று சொல்லக்கூடிய இடத்தில்தான் இருந்தார்கள்.

சட்டங்களும் இந்த இடத்தை எட்டுவதில்லை. சிங்கப்பூரில் 1995இலேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்துவிட்டது. தன்னைக் காத்துக்கொள்ள முடியாத 60 வயதுக்கு மேற்பட்டவர் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கேட்டு முறையிடலாம். இந்தியாவில் 2007இல் அப்படி ஒரு சட்டம் வந்தது. கைவிடப்பட்ட ஒருவருக்கு இவை பெரிய துணை. இவற்றைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இவை பணம் கொடுக்காத பிள்ளையைத்தான் பிடிக்கும். பணம் கொடுத்து, அந்தப் பணத்தால் பெற்றவரின் வாயை அடைக்கும் பிள்ளையைப் பிடிக்க எந்தச் சட்டத்துக்கும் வழியில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது, அது லேசானதல்ல. அம்மாவுக்கு இனிப்புநீர். ராத்திரி குளியலறையில் வழுக்கி விழுந்தால் யார் தூக்குவது? பினாங்கிலிருந்து மலாக்கா சுமார் 500 கிலோமீட்டர். சுங்கை நிபோங்கில் பஸ் ஏறினால் மலாக்கா சென்ட்ரல் போய்ச் சேர ஏழு மணி நேரத்துக்கு மேலாகும். 'அம்மா விருப்பத்தை மதிக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு நான் பாயான் லெப்பாஸில் நிம்மதியாக நைட் ஷிப்ட் பார்க்கலாம். மரியாதை என்ற பெயரில் கைகழுவுவது ரொம்பச் சுலபம். மகன் வரவில்லை என்று ஊர் சொல்லும்போது "அவங்கதான் வரமாட்டேங்கிறாங்க" என்று கைவசம் ஒரு பதிலும் இருக்கும்.

மரியாதை எது, வசதி எது என்று எப்படிப் பிரிப்பது? எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். அம்மா அங்கேயே இருப்பது எனக்கு ஏதாவது செலவு வைக்கிறதா? காசு மட்டும் சொல்லவில்லை. மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் தூங்குவது, ஓவர்டைமை விடுவது, குளியலறையில் கைப்பிடி அடிப்பது, பக்கத்து வீட்டு மலாய் மக்சிக்கிடம் ஒரு சாவி கொடுத்து வைத்து அவருக்குத் தீபாவளிக்கு மட்டுமல்லாமல் சும்மாவும் போன் பண்ணுவது, கிளினிக் தேதியை என் காலண்டரில் எழுதுவது. இவை எல்லாம் நடந்தால் அவர் விருப்பத்தை மதிக்கிறேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவர் அங்கே இருப்பது என் வாழ்க்கையை லேசாக்க மட்டும்தான் செய்கிறது என்றால் அதற்குப் பெயர் மதிப்பு இல்லை.

அதே சோதனையைக் கூட்டிக்கொண்டு போவதற்கும் வைக்கலாம். அவர் இடம் மாறினால் யாருடைய சிரமம் குறைகிறது? என் கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் பேராக் தோட்டம் ஒன்றிலிருந்து அம்மாவைத் தன் அப்பார்ட்மெண்டுக்குக் கூட்டி வந்தார். பதினான்காவது மாடி. லிப்டுக்குப் பயந்து அந்த அம்மா கீழே இறங்குவதில்லை. கதவுக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து நடைபாதையில் போகிறவர்களைப் பார்ப்பார். ஆறு மணிக்கு மகன் வந்ததும் "பசியாறுறியாப்பா?" என்று எழுவார். வேளாவேளைக்குச் சாப்பாடு, மருந்து, ஏர்கோன், எதிலும் குறையில்லை. ஒருநாள் நான் போயிருந்தபோது, இந்த ஊர்ல கோழி கூவுற சத்தமே கேக்கலயே தம்பி என்று என்னிடம் கேட்டார். அந்த நண்பர் கெட்ட மகன் இல்லை. வேறு யாரும் தோட்டத்தில் மிச்சமில்லாததால் வேறு வழியில்லாமல் கூட்டி வந்தவர். வழி இருக்கும்போதும் இதைத்தான் செய்ய வேண்டும் என்று நாம் விதியாக்குவதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

வள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாறாகப் பணத்தையோ பராமரிப்பையோ சொல்லவில்லை. ஊர் வாயில் வரும் ஒரு நல்ல சொல்லைச் சொல்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு இது சுலபமாகப்பட்டது. இப்போது யோசித்தால், அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிய ஊர் எங்கே? லயத்தில் இருந்தவர்கள் செங், மெர்லிமாவ், பூலாவ் செபாங், கிள்ளான், ஜொகூர் என்று சிதறிவிட்டார்கள். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் பாதிப் பேரைப் பார்க்கலாம். "உம்மவன் இஞ்சினியராமே" என்று அங்கேதான் யாராவது அம்மாவிடம் சொல்வார்கள். அம்மா மலாக்காவில் இருப்பதால்தான் அந்தச் சொல் அவர் காதுக்கு வந்து சேருகிறது. பாயான் லெப்பாஸில் என் அம்மாவை யாருக்கும் தெரியாது. அங்கே அவர் வெறுமனே என் அம்மா. ஜாசினில் அவருக்குப் பெயர் இருக்கிறது.

மலாக்காச் செட்டிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்த வணிகர்களின் வழியில் வந்தவர்கள். தமிழ் பேச்சு போய்விட்டது, வீட்டில் மலாய்தான். ஜாலான் துக்காங் எமாஸில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. பொங்கலுக்கு முந்தின நாள் முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுவதை அவர்கள் இன்னும் விடவில்லை. வேலைக்காக வெளியூர் போன பிள்ளைகள் அன்றைக்கு காஜா பெராங் கம்பத்துக்குத் திரும்புகிறார்கள். மொழி போனபிறகும் அந்த உறவு நிற்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது: திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு அப்படி ஓர் இடம் கொடுக்கப்படவில்லை. அம்மாவின் மூன்று அறை வீடுதான் நமக்குக் கம்பம். 'நகரத்தில் கால் ஊன்ற வேண்டும்' என்று அதை விற்கச் சொல்கிறவர்கள் எந்தக் காலை எடுக்கச் சொல்கிறார்கள் என்று யோசித்தார்களா?

நகரத்தில் கால் ஊன்றுவதும் லேசில்லை. வாடகைக்கு அறை தேடிய மாதத்தில், போனில் பெயரைச் சொன்னதும் அறை 'ஏற்கெனவே போய்விட்டது' என்ற பதில் எனக்கு நாலைந்து தடவை கிடைத்திருக்கிறது. தமிழ்ப் பெயர் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த பதில் அது. அங்கேயும் அதே விதிதான், கூரை உள்ளவர் ஆளைத் தேர்வு செய்கிறார். தோட்டம் பழைய கதை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது அறிவைத் தெளிவாக்கியது. அந்த விதி என் மேல் விழுந்தால் அநியாயம், நான் அம்மாவிடம் பயன்படுத்தினால் பாசம் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் நான் திரும்பிப் போக வேண்டுமா? மலாக்காவிலும் சிப் தொழிற்சாலைகள் இருக்கின்றன; என் வேலைக்கு அங்கே இடமே இல்லை என்று சொல்ல முடியாது. போகவும் செய்யலாம். இங்கே நான் செய்யும் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அதை விடுவது ஓர் இழப்பு என்பதும் உண்மை. அம்மாவுக்கு என் வாழ்க்கையின் மேல் உரிமை இல்லை. என் முடிவில் அவருடைய வயசும் உடம்பும் எடையோடு இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு. முதலாவதைக் கடன் என்ற சொல் கேட்கிறது. இரண்டாவது அந்தச் சொல்லுக்குள் அடங்காது, ஏனென்றால் அது தீர்வதில்லை. இந்த வருடம் ஒரு பதில், அவர் எழுந்து நடக்க முடியாத வருடத்தில் இன்னொரு பதில். அன்றைக்கு நான் அங்கே போக வேண்டியிருக்கலாம், அல்லது அவரே வருகிறேன் என்று சொல்லலாம். சொல்ல வேண்டியவர் அவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாதம் பிறந்தால் அம்மா கணக்கில் கொஞ்சம் காசு போடுகிறேன். அதற்கு எந்த உத்தரவும் ஒட்டியிருக்கக் கூடாது என்பதில் கவனமாக இருக்கிறேன். போன மாதம் அதில் பாதியை எடுத்துத் தாய்மாமா வீட்டுக் கூரைத் தகரம் மாற்றக் கொடுத்துவிட்டதாக அம்மா போனில் சொன்னார். கேட்டுக்கொண்டேன். எதற்குக் கொடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. அது அவருடைய காசு.